முன்சுமையும் பின்பாரமும்

உழுவதற்கென அமைந்த சிறிய உழவு யந்திரம், முன்புறத்தில் இரண்டு இரும்புக் கைகளும் ஒரு வாளியும் பெற்றால், எருவும் மண்ணும் அள்ளும் ஏவலாளாகவும் மாறிவிடுகிறது. மேல்நாட்டுக் கமக்காரர் பலர் இக்கருவியைத் தம் கொட்டிலிலே தாமே பொருத்திக்கொள்கின்றனர்.

பொருத்துவது அரிதன்று. தாங்கிகளை இருமருங்கிலும் திருகாணிகளாற் பூட்டி, எண்ணெய்க் குழாய்களை இணைத்து, வெறும் வாளியைப் பலமுறை உயர்த்தித் தாழ்த்திக் காற்றைப் போக்கவேண்டும். சில மணி நேர வேலைக்குப்பின் திருகாணிகளை மீண்டும் இறுக்கவேண்டும். எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. அழுத்தம் மிக்க எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உட்புகும். அட்டைத்துண்டு ஒன்றால் தேடுவதே தக்கது.

ஆயினும் பலர் மறப்பது ஒன்றுண்டு. வாளியிற் சுமை ஏறியதும், துலாவுக்கு ஆடுகால் போல முன் அச்சு அமைந்துவிட, பின் சில்லுகள் பாரம் இழக்கின்றன. தடை பெரும்பாலும் அச்சில்லுகளிலேயே இருப்பதாற் சரிவில் யந்திரம் நிற்க மறுக்கும். வாளி உயர்ந்திருப்பின் பக்கமாகக் கவிழவும் கூடும். ஆகவே பின்னே எதிர்ப்பாரம் பூட்டி, வாளியைத் தாழ்த்தியே செல்லவேண்டும். சுவீடன் 1959ஆம் ஆண்டிலேயே புதிய உழவு யந்திரங்களுக்குப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயமென விதித்தது. அதனால் அங்கே கவிழ்ந்து இறந்தோர் தொகை பெரிதும் குறைந்தது.

துலாவின் அடியிற் கல் கட்டிய முன்னோர் அறிந்த உண்மையும் இதுவே: தூக்குவது முன்னே, காப்பது பின்னே.