கோழியின் எச்சமும் இறகும்

(செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரை ஊராட்சிகளின் உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாணத்தைக் கண்டே மாட்டின் நோயைச் சொல்லும் பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஆனால் கோழியின் எச்சத்தை எவரும் உற்று நோக்குவதில்லை. காலில் ஒட்டினால் கழுவிக்கொண்டு போய்விடுகிறோம். மாடு விற்ற பணம் வீட்டுக் கணக்கில் சேரும். கோழி விற்ற பணமோ பெரும்பாலும் தாய்மார்களின் கையிலேயே நின்று, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாகவும் மருந்தாகவும் மாறும். அந்தச் சிறு முதல் இரண்டு மூன்று நாட்களில் அழிந்து போவதை நாம் கண்டிருக்கிறோம். அழிவு வருமுன் கோழி அறிவிக்கும் செய்தி அதன் எச்சத்தில் இருக்கிறது. ஆதலின் அதைப் படிக்கக் கற்பது இழிவான செயலன்று.

கோழிக்குச் சிறுநீர்ப் பை கிடையாது. மலமும் சிறுநீரும் ஒரே துவாரத்தின் வழியாக வெளிவருகின்றன. உடலின் நீரைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, கழிவு உப்பு வெண்மையான களியாக வெளியாகிறது. பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் சற்றே உருண்டு, மேலே வெண்மை படிந்திருக்கும் எச்சமே நலமுள்ள கோழியின் எச்சம். அந்த வெண்மையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஏறக்குறையப் பத்தில் ஓர் எச்சம் கரும்பழுப்பாகவும் பசைபோலவும், மிகுந்த நாற்றத்துடனும் இருக்கும். இது குடலின் பைகளிலிருந்து வருவது, நோயன்று. அடைக்கோழி நாளுக்கு ஓரிரு முறையே கூட்டைவிட்டு எழுவதால், அதன் எச்சம் பெரிதாகவும் நாற்றமாகவும் இருப்பதும் இயல்பே.

இனி, எச்சம் நீர்த்துப் போவதைப் பற்றிச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் கோழி மிகுதியாக நீர் பருகும். அப்போது எச்சம் இளகும். ஆனால் நம் கடற்கரைக்கே உரிய வேறொரு காரணமும் உண்டு. கோவளம், தேவநேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் போன்ற ஊர்களில் கருவாட்டுத் தூளும் மீன் கழிவும் எளிதாகக் கிடைக்கின்றன. இவை புரதம் மிகுந்த நல்ல தீனியே. ஆயினும் உப்பிட்டு உலர்த்திய கருவாட்டைக் கொடுத்தால், கோழி தாகங்கொண்டு நீரைப் பருகிக்கொண்டே இருக்கும், எச்சம் தண்ணீராகும், கூடு நனையும். உவர்க் கிணற்று நீரும் இவ்வாறே செய்யும். ஆகவே உப்பிடாமல் வெயிலில் உலர்த்திய மீனையே தீனியில் சேருங்கள். குடிக்க நன்னீர் வையுங்கள். தீனியை மாற்றிய சில நாட்களில் எச்சம் கெட்டிப்பட்டால், அதற்கு மருந்து தேவையில்லை என்று தெளியலாம்.

குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தோன்றினால் அது இரத்தக் கழிச்சல். இந்நோயின் கிருமி எச்சத்துடன் வெளியாகி, ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் ஓரிரு நாட்கள் கிடந்த பின்பே நோய் தரும் வலிமையைப் பெறுகிறது. அன்றாடம் எச்சத்தை அப்புறப்படுத்துவோர், கிருமி வலிமை பெறுமுன்பே அதை வென்றுவிடுகின்றனர். துடைப்பமே முதல் மருந்து என்பதன் பொருள் இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதில் இருமடங்கு கவனம் வேண்டும்.

பச்சையும் வெண்மையும் கலந்த நீர்க்கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை சேர்ந்து வந்தால் கோழிக்கழிச்சல் நோய் என்று ஐயுற வேண்டும். 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்ட இந்நோய், நம் நாட்டில் இராணிக்கேத் என்னும் மலையூரின் பெயரால் வழங்குகிறது. வந்தபின் இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை; வருமுன் காப்பதே வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலின் அடியில் ஊசியும் போடவேண்டும். பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமைத் தவறவிடாதீர்கள்.

இனி இறகைப் பார்ப்போம். கோழி தன் வாலடியிலுள்ள சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து இறகுகளில் தடவிக்கொள்கிறது. மண்ணில் புரண்டு பேனை உதிர்க்கிறது. தன்னைத் தூய்மை செய்துகொள்ள அது அறியும். அதற்கு இடம் தருவதே நம் கடமை. நிழலில் ஒரு பள்ளம் தோண்டி, உலர்ந்த மண்ணும் சலித்து ஆறிய விறகுச் சாம்பலும் இடுங்கள். மழை படாமல் மேலே கூரை வேண்டும். நனைந்த சாம்பல் தோலை அரிக்கும். கடலோர மணல் உப்பினால் ஈரம் இழுக்கும். மேட்டு நிலத்து மண்ணே நல்லது.

கோழிகள் எச்சத்தின்மேல் படுத்தால் இறகு தூய்மையாக இராது. கூட்டில் கழி கட்டி அமரச் செய்யுங்கள். தரையில் உமியோ மணிலாத் தோலோ இரண்டு அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறி, நனைந்ததை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை இறக்கையின் அடியையும் வாலடியையும் விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் ஈர் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன். பகலில் எதுவும் காணாமல் இரவில் மட்டும் கோழி அமைதியிழந்தால், கூட்டின் இடுக்குகளில் செவ்வுண்ணி ஒளிந்திருக்கலாம். இடுக்குகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடியுங்கள். வாலடியில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் அவ்விடத்தை மட்டும் காலையில் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். மீண்டும் மீண்டும் ஒட்டினால் காரணம் இறகில் இல்லை, குடலில் இருக்கிறது.

கூட்டிய எச்சம் வீணன்று. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் சாணத்தைவிட மிகுதி. ஆனால் புதிய எச்சம் நாற்றைக் கருக்கிவிடும். குப்பையுடன் சேர்த்து மக்கிய பின்பே வயலுக்கு இடுக. எச்சத்தைத் தொட்ட கையைச் சோப்பினால் கழுவுவதும் மறவற்க.

ஊராட்சி உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயுற்ற கோழியை அவசரமாக விற்பதும், செத்ததை ஏரியிலோ கடற்கரையிலோ எறிவதும் ஒரு வீட்டின் இழப்பை ஊரின் இழப்பாக்கும். கிணற்றுக்குத் தொலைவில், மேட்டு நிலத்தில் ஓரிடத்தை ஒதுக்கி, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க ஏற்பாடு செய்யுங்கள். பல கோழிகள் ஒரே நாளில் மடிந்தால் கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்கு அறிவியுங்கள். தடுப்பூசி நாளை முன்னதாகவே ஊரறியச் சொல்லி, அன்று காலை கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்தில் அடைத்து வைக்கச் செய்யுங்கள். மேலும் அறிய விரும்புவோர்க்குக் காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் அருகிலேயே இருக்கிறது.

நாளைக் காலை கூட்டைத் திறக்கும்போது முட்டையைத் தேடுமுன் தரையைப் பாருங்கள்.