குழாயை எடுக்கும் வேளை



நீந்தப் பழகும் பிள்ளையின் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டுவது என் இளமைக்கால வழக்கம். குடுக்கையை முந்தி அவிழ்த்தால் பிள்ளை தண்ணீர் குடிப்பான். அவிழ்க்காமலே விட்டால் என்றைக்கும் நீந்த மாட்டான். வேளையறிந்து அவிழ்ப்பதே கற்பிப்பவரின் கடமை. மருத்துவத்திலும் இத்தகைய வேளை ஒன்று உண்டென்பதை, என் தம்பிக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்த அன்று அறிந்தேன்.

அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன், 1953ஆம் ஆண்டு மே மாதத்தில், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து, ஓர் இளம்பெண்ணின் இருதயத்தைத் திறந்து சீர்செய்தார். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961இல் திறந்த இருதய அறுவைச் சிகிச்சை நடைபெற்றது.

மயக்கத்தில் இருப்பவர் தாமாக மூச்சுவிட இயலாது. ஆகவே வாய் வழியாக, குரல்நாண்களுக்கு நடுவே, மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்துகின்றனர். அதன் வழியே இயந்திரம் காற்றை உட்செலுத்துகிறது. அக்குழாய் இருக்கும்வரை நோயாளியால் பேச முடியாது.

அதை எப்போது எடுப்பது? முற்காலத்தில் மயக்கத்துக்கு அபின் வகை மருந்துகளை மிகுதியாகக் கொடுத்தமையால், பெரும்பாலும் மறுநாள் காலைவரை காத்திருந்தனர். 1990ஆம் ஆண்டுகளில் மருந்தின் அளவைக் குறைத்து, விரைவில் எடுக்கும் முறை பரவியது. இன்று, நிலைமை இடங்கொடுக்கும் நோயாளிகளுக்கு ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க முயல்கின்றனர்.

விரைவு எதற்கு? குழாய் உள்ளபோது நன்றாக இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. கிருமிகள் இறங்கி நுரையீரலில் அழற்சி உண்டாகலாம். நாள் கணக்கில் நீடித்தால் மூச்சுத் தசைகளும் தளரும். மேலும், நாம் இயல்பாக மூச்சை இழுக்கையில் இரத்தம் இருதயத்தை நோக்கி எளிதாக வரும். இயந்திரம் காற்றைத் தள்ளும்போது அவ்வரவு குறையும்.

ஆயினும் அவசரமும் ஆகாது. நோயாளி களைத்துவிட்டால் மீண்டும் குழாயைச் செலுத்த நேரும். புண்பட்ட இருதயத்துக்கு அது பெருஞ்சுமை.

அன்று மாலை, அடுத்த படுக்கையில் இருந்தவருக்குக் குழாயை எடுத்துவிட்டனர். என் தம்பிக்கு எடுக்கவில்லை. நான் பதறிப்போய், "அவருக்கு எடுத்தாயிற்றே, இவனுக்கு ஏன் தாமதம்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

இளம் மருத்துவர் பொறுமையாக விடையளித்தார்: "ஐயா, கடிகாரத்தை மட்டும் பார்த்து நாங்கள் எடுப்பதில்லை. விழித்துச் சொன்னபடி கையை இறுக்குகிறாரா, உடல் கதகதப்பாயிற்றா, இரத்த அழுத்தம் நிலைத்ததா, மார்பிலிருந்து கசியும் இரத்தம் குறைந்ததா என்று பார்க்கிறோம். பிறகு இயந்திரத்தின் உதவியைக் குறைத்து, அரைமணி நேரம் அவரே மூச்சுவிடட்டும் என்று விட்டுப் பார்ப்போம். தம்பிக்குக் கசிவு இன்னும் நிற்கவில்லை."

எனக்கு வெட்கமாயிற்று. 'அடுத்த பையன் போட்டுவிட்டானே, உனக்கு ஏன் கணக்கு வரவில்லை?' என்று எத்தனை பிள்ளைகளை வகுப்பில் நிற்கவைத்துக் கேட்டிருப்பேன்!

இரவெல்லாம் ஒரு செவிலியர் அவன் அருகிலேயே இருந்து, வேளைக்கு வேளை குறித்துக்கொண்டே இருந்தார். விடியற்காலையில் குழாயை எடுத்தனர். கரகரத்த குரலில் அவன் முதலில் சொன்ன சொல் "அண்ணா" என்பது.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம், ஆசிரியராகலாம். பொது விதியை அறிந்துகொள்ளுங்கள். அதன் பின்னர், எதிரே இருக்கும் மனிதரை உற்று நோக்குங்கள். இரண்டும் கூடினால்தான் உரிய வேளை புலப்படும்.