எளிய வேலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நம் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரை எழுதுங்கால், எளிது என்று மனத்தில் தோன்றியதும் 'ஈசி' என்று எழுதிவிட்டு அப்பால் செல்கின்றனர். ஆங்கிலத்திலோ வேலையின் எளிமையைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. சிக்கல் இல்லாதது 'சிம்பிள்'. வருத்தமின்றி முடிவது 'ஈசி'. பளு இல்லாதது 'லைட்'. மூன்றும் ஒன்றே என்று எண்ணுவோர், போர்ட் பிளேர் என்று முன்பு வழங்கிய நகரில் நம் கண்முன் நிற்கும் செல்லுலார் சிறைக்கு ஒருமுறை சென்று வருதல் நலம்.

1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையில், மாடு இழுக்கவேண்டிய செக்கை மனிதன் இழுத்தான். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய், அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ, அளந்து கொடுத்தாக வேண்டும். செக்குச் சுற்றுவதில் கற்பதற்கு என்ன இருக்கிறது? வட்டமாக நடக்கவேண்டும், அவ்வளவே. அதனைச் 'சிம்பிள்' என்று எழுதினால் ஆசிரியர் பிழை என்று கோடிட இயலாது. 'ஈசி' என்று எழுதினாலோ அது பிழை மட்டுமன்று, பாவமும் ஆகும். செக்கில் உழன்றவனுக்குக் கயிறு திரிக்கும் வேலை கிடைத்தால் அது 'லைட்' ஆயிற்று. விரல் தேயும் வேலைதான் அதுவும். செக்கை நினைத்த நெஞ்சுக்கு அது இலேசாகத் தோன்றிற்று.

இடையே ஒரு வேடிக்கை. உடல் நோகாமல் ஊதியம் பெறும் வேலையை ஆங்கிலேயர் 'குஷி' என்பர். 'குஷி ஜாப்' என்று நீங்கள் கேட்டிருக்கலாம். இந்தியாவில் இருந்த வெள்ளைப் பட்டாளத்தார் இந்துஸ்தானியிலிருந்து கொண்டுபோன சொல் அது. நாமும் அதே சொல்லை எடுத்து, மகிழ்ச்சிக்கு மட்டுமே வைத்துக்கொண்டோம்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய நம்மவருள் சிலர், கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டதை அறிவீர்கள். 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பல ஆண்டுகள் முன்பு அங்கே சென்றிருந்தேன். வெயில் ஏறுமுன்னே வேலை முடிந்து திரும்பிய ஓர் அம்மையாரிடம், "இலேசான வேலைதான் போலும்!" என்றேன். விடியுமுன் எழுந்து, குளிர் மாறாத வேளையிலேயே மரம் மரமாய்ச் சென்று பட்டை சீவினால்தான் பால் நன்கு வடியும் என்பதை அறியாது சொன்ன சொல் அது.

அவர் சினக்கவில்லை. கத்தியை என் கையில் கொடுத்தார். எடையற்ற கத்தி, நல்ல 'லைட்'. பட்டையை மெல்லிய இழையாகச் சீவவேண்டும். ஆழ்ந்தால் உள்ளே தளிர்க்கும் படலம் காயப்பட்டு, அவ்விடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். நான் ஒரே கீற்றில் மரம் வரை வெட்டிவிட்டேன்.

அம்மையார் அக்காயத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பரவாயில்லை ஐயா, இந்த மரத்தை நாளைக்கும் நான்தானே பார்க்கவேண்டும்" என்றார்.