குழாய்க்குள் நுழையும் சாக்கடை



2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். தாத்தா காலத்து நோய் என்று நாம் நினைத்திருந்த காலரா! வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று நகரத்துப் பிள்ளைகள் இன்னும் அவதிப்படுவது எதனால்?

நீரேற்று நிலையத்தில் குளோரின் கலந்து அனுப்பும் தண்ணீர் பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான். கெடுவது வழியில். நம் ஊர்களில் சில மணி நேரம் தண்ணீர் விட்டு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். சாக்கடையை ஒட்டிப் போகும் பழைய குழாயில் ஒரு விரிசல் போதும், வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே புகுந்துவிடும். யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். மறுமுறை தண்ணீர் விடும்போது முதலில் கலங்கலாக வருகிறதே, அதைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். தெளிந்து வந்தபிறகு பிடித்தாலும், தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றி மூடி வையுங்கள். குடத்துக்குள் டம்ளரோடு கையையும் விட்டு மொண்டால், காய்ச்சியதற்குப் பலனே இல்லை. வெயில் நாளில் பிள்ளைகள் கேட்கும் கரும்புச்சாற்றில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதையும் யோசியுங்கள்.

குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்ததும் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகப் போட்டால் உப்பின் அளவு மாறிவிடும். ஒரு நாளைக்குமேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் குழிந்து, குழந்தை துவண்டு, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆனால் காய்ச்சிக் குடி என்று தாய்மார்களிடம் சொல்லிவிட்டு மாநகராட்சி கைகழுவ முடியாது. கேஸ் விலையில் தினமும் தண்ணீர் காய்ச்ச எத்தனை வீடுகளால் முடியும்? விரிசல் விட்ட குழாயை மாற்றுவது மாநகராட்சியின் வேலை. ஒரே தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால், அன்றைக்கே சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் குழாயிலேயே குளோரின் இருக்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்துச் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை என்றால், குழாயைத் தோண்டிப் பார்க்கும்வரை விடாமல் கேளுங்கள்.