குளிருக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். பொழுது சாயும் நேரம் ஏரிக்கரைப் பக்கம் போனால் வேகவைத்த சோளம், மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், டீ என்று வரிசையாகக் கடைகள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தக் குளிருக்கு ஏற்ற பருத்திப்பால் மட்டும் என் கண்ணில் படுவதே அபூர்வம்.

மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தள்ளுவண்டி, பெரிய பித்தளைப் பானை, ஆவி பறக்கும் இனிப்பு. ஒரு நிகழ்ச்சியின் ஒலிப்பதிவுக்காக அப்படி விற்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் ராத்திரியே பருத்திவிதையை அலசி ஊறப்போட்டிருந்தார். காலையில் ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுத்தார். சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடி ஆட்டி இரண்டாம் பால், அப்புறம் மூன்றாம் பால். அந்தப் பால் கொதித்ததும் ஊறவைத்து அரைத்த பச்சரிசியைக் கரைத்து ஊற்றினார். அதன் பிறகு கரண்டியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்டால், "செத்த இருங்க சார், அடிப்பிடிச்சா அம்புட்டும் போச்சு" என்கிறார்! வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, சுக்கு, சித்தரத்தை, ஏலக்காய் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள்... அதை வானொலியில் அனுப்ப வழியில்லையே! டம்ளரில் ஊற்றி, மேலே தேங்காய்த் துருவலைத் தூவிக் கொடுத்தார்.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் நேயர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பச்சைப் பருத்திவிதையில் காசிப்பால் என்ற நச்சுப்பொருள் உண்டு. சூட்டில் அதன் வீரியம் குறையும். ஆகவே நன்றாகக் காய்ச்ச வேண்டும். விதைப்புக்காக மருந்து கலந்து விற்கும் விதையைத் தொடவே கூடாது.

பருத்திப்பால் போன்ற இனிப்பு சிங்கப்பூரிலும் உண்டு. அங்கே உணவங்காடிகளில் நம் தமிழர்களும் சீனர்களோடு உட்கார்ந்து 'தோங் சுய்' குடிப்பார்கள். பச்சைப்பயறு, சிவப்பு பீன்ஸ், கறுப்பு எள் என்று பல வகை இனிப்புக் கஞ்சிகள். சிவப்பு பீன்ஸில் காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் போட்டுக் கொதிக்க விடுவார்கள். பச்சைப்பயறு வகை நம் பாயசத்துக்கு நெருங்கிய சொந்தம். தெருவோரம் விற்றவர்களுக்கு அந்த நாடு கூரையும் தண்ணீர்க் குழாயும் உள்ள இடம் அமைத்துக் கொடுத்தது. அந்த உணவங்காடிக் கலாசாரத்தை 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பருத்திப்பால் வண்டிக்காரருக்கோ ராத்திரி ஊறப்போடுவதில் தொடங்கி மறுநாள் விற்று முடிக்கிறவரை எல்லாம் அவர் பாடுதான். இந்த வேலைக்குப் பிள்ளைகள் வரத் தயங்குவதில் என்ன ஆச்சரியம்?

இனி கொடைக்கானலுக்குத் திரும்புவோம். நம் பழனி மலையில் எதற்குக் குறை? தாண்டிக்குடி ஏலக்காய் பக்கத்திலேயே கிடைக்கிறது. குளிர் இருக்கிறது, வருகிற கூட்டமும் இருக்கிறது. ஏரிக்கரையில் கடை போட்டிருக்கும் அன்பர்களே, வரும் மார்கழியில் ஓர் அடுப்பைப் பருத்திப்பாலுக்கு ஒதுக்கிப் பாருங்கள். மலையேறி வருகிற நேயர்களே, டீக்கு முன்னால் "பருத்திப்பால் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால்தான் வரும்.