செலவு ஏறும் காலத்தில் குடும்ப யாத்திரை

(பங்கின் ஜூபிலி ஆண்டில், அன்பியக் குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றவுடன் நமக்குக் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் பந்தியுமே நினைவுக்கு வருகின்றன. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தாலோ அங்கே வேறொன்று எழுதியிருக்கிறது. ஐம்பதாம் ஆண்டில் விதைக்கலாகாது, அறுக்கலாகாது. நிலத்துக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு. அவரவர் தத்தம் குடும்பத்துக்குத் திரும்பிச் செல்லவேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை. ஆகவே இந்த ஆண்டில் ஓய்வைப் பற்றியும், குடும்பத்தோடு நாலு நாள் வெளியூர் போய்வருவதைப் பற்றியும், அதற்கு ஆகும் செலவைப் பற்றியும் பேசுவது பொருத்தமென்று நினைத்தோம். சாமியார் பிரசங்கத்தில் வேன் வாடகை பேசுகிறாரே என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏலக்காய் எடுக்கப்போய், பொழுது சாய்ந்து இறங்கிவரும் மக்கள் நாம். போடியில் காய் பொறுக்க உட்காரும் தாய்மார்களும் நம்மிடையே உண்டு. நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களும் சில உண்டு. இவர்கள் எல்லாருக்கும் ஊர்ப்பயணம் என்றால் முதலில் வாயில் வருவது வேளாங்கண்ணிதான். அதற்கு அப்பால் கொடைக்கானல், மூணாறு, இராமேசுவரம். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் நம் பிள்ளைகளும் ராட்டினம் ஏறிவிட்டு வருகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

போவது தவறு என்று சொல்ல வரவில்லை. உழைப்பவனுக்கு ஊர்ப்பயணம் ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் திருச்சபையின் போதனையைச் சரியாகப் படிக்கவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 67-ஆம் எண், உழைப்பாளிக்குக் குடும்ப வாழ்வுக்கும் சமய வாழ்வுக்கும் போதிய ஓய்வு வேண்டுமென்று கேட்கிறது. அதற்கும் முன்பே, நம் நாட்டில் 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று வகைசெய்தது. ஆனால் ஜீப்பில் போய்வரும் அன்றாடக் கூலிக்கு அந்தச் சம்பள விடுப்பு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று நீங்களே கையைத் தூக்கிச் சொல்லலாம்.

செலவுக் கணக்கில் முதல் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. வேன் வாடகையை எழுதுகிறோம், சாப்பாட்டை எழுதுகிறோம், அறை வாடகையை எழுதுகிறோம். கணவனும் மனைவியும் மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஆறு கூலி போயிற்றே, அதை யாரும் எழுதுவதில்லை. திரும்பி வந்த வாரம் சனிக்கிழமைதான் அது தெரிகிறது. அப்போது கடன்.

கடனைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். யாத்திரைக்கென்று ஒரு குடும்பம் ஐந்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய் வட்டி. அசல் அப்படியே நிற்க, ஓர் ஆண்டில் கட்டிய வட்டி மட்டும் 12,000. மாதாவிடம் போய் மெழுகுதிரி ஏற்றிக் கடன் தீரவேண்டுமென்று வேண்டிக்கொண்டு, அந்த மெழுகுதிரியையே கடனில் வாங்கினோம் என்றால் மாதா என்ன சொல்லுவாள்? வாரத் தவணைக் குழுக்கடனும் இதற்குத் தங்கை முறைதான். தொழிலுக்கென்று எழுதி வாங்கிய கடனை யாத்திரையில் செலவழித்தால், தவணை கட்டும் நாளில் பக்கத்து வீட்டம்மாவும் சேர்ந்து தலைகுனிய நேரிடுகிறது.

சிறு தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மூன்று ஆண்டுக்குள் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விலை ஏறிய ஆண்டில் கார் பிடித்துப் போய் நல்ல விடுதியில் தங்கிய பழக்கத்தை, விலை இறங்கிய ஆண்டிலும் விட மனம் வரவில்லை. அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம் பெட்ரோலைவிட அதிகம் செலவு வைக்கிறது.

செலவு உயர்ந்திருப்பதும் உண்மைதான், எல்லாவற்றையும் நம் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 2022 ஜூலை வரை வரி கிடையாது. பிறகு நூற்றுக்குப் பன்னிரண்டு விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அது ஐந்தாகக் குறைந்திருக்கிறது. விடுதிக்காரர் பழைய விகிதத்திலேயே ரசீது போட்டால் கேட்கத் தயங்கவேண்டாம். ரயிலில் முதியோருக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பாட்டி தாத்தாவை அழைத்துப்போகும் குடும்பத்துக்கு அது பெரிய அடி. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருப்பவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட், கேட்டால் முழு டிக்கெட். முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருந்தாலே ஓரளவு மிச்சப்படும்.

நம் ரயில் வரலாறே ஒரு யாத்திரைதான். 1928-இல் போடிக்கு வந்த பாதை. 2010 முடிவில் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் மாதம் போடி வரையும் அகலப்பாதையில் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ரயிலில்லாமல் இருந்து பழகியதால் இன்னும் பலர் வேனைத் தவிர வேறொன்றையும் நினைப்பதில்லை. நேரம் வாய்க்கும் நாளில் மதுரை வரை ரயில், அங்கிருந்து பேருந்து என்று போய்ப் பாருங்கள். ஐந்து பேர் குடும்பம் தனி வண்டி பிடிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியும்.

இனி வேதாகமத்திலிருந்து ஒன்று. இணைச்சட்ட நூல், பெரியவர்கள் உபாகமம் என்று படித்த நூல், அதன் 14-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து, ஆண்டவர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் குடும்பத்தோடு போய் உண்டு மகிழ வேண்டும். வழி தூரமானால், அதை விற்றுப் பணமாக முடிந்துகொண்டு போய், அங்கே விரும்பியதை வாங்கிச் சாப்பிடலாம். முன்கூட்டிச் சேர்த்து, அந்தச் சேமிப்புக்குள் போய்வருவதைக் கடவுளே ஏற்படுத்தியிருக்கிறார்! கடன் வாங்கிப் போகும்படி எங்கும் சொல்லவில்லை. அதே இடத்தில் உன் ஊரிலிருக்கும் லேவியனைக் கைவிடாதே என்றும் வருகிறது. அந்தக் காலத்து லேவியன் இந்தக் காலத்துப் பங்குச் சாமியார் என்று நாம் விளக்கம் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகையால் விட்டுவிடுகிறோம்.

திருக்குடும்பமும் ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு எருசலேம் போனது. பன்னிரண்டு வயது இயேசு கோவிலில் தங்கிவிட்டது தெரியாமல் மரியாளும் சூசையப்பரும் ஒரு நாள் வழி வந்துவிட்டார்கள். எப்படி முடிந்தது? உறவினரும் ஊராரும் கூட்டமாக வந்ததால், பிள்ளை அவர்களோடு இருப்பான் என்று எண்ணினார்கள். நாசரேத்து ஊரார் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள். வேனுக்குப் பேசும் வாடகை பன்னிரண்டு பேர் ஏறினாலும் பதினெட்டு பேர் ஏறினாலும் ஒன்றே. ஓட்டுநர் படியும் சுங்கமும் அப்படியே. கேரள எல்லை தாண்டினால் பெர்மிட் வரி தனி. மூணாறு பக்கத்தில் இருக்கிறதே என்று கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மூன்று நான்கு குடும்பம் சேர்ந்தால் தலைக்குச் செலவு இறங்கிவிடும். ஆனால் இருக்கைக்கு மேல் ஆளை ஏற்றிக் கணக்கைக் குறைக்கவேண்டாம். ஜீப்பில் அப்படிப் போய் என்னென்ன ஆயிற்று என்று இந்த மலையடிவாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எப்போது போவது? வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் திருவிழா. அந்த நாட்களில் அறைக்கு அலையவேண்டும், கிடைத்தால் சொன்னதுதான் வாடகை. நமக்கோ அது காய் எடுப்பு மும்முரமான காலம், கூலி உறுதியாகக் கிடைக்கும் காலம். அதை விட்டுவிட்டு அதிகச் செலவில் போகிறோம். மாதா செப்டம்பர் 8 அன்று மட்டும் வீட்டில் இருப்பவள் அல்ல. காலாண்டு விடுமுறையில், வார நடுவில் போனால் கூட்டம் குறைவு, திருத்தலம் நடத்தும் விடுதிகளிலேயே இடம் கிடைக்க வழியுண்டு, பீடத்தின் முன்பு நின்று செபமாலையை முழுதாகச் சொல்லிமுடிக்கவும் முடியும். கொடியேற்ற நேர்ச்சை உள்ளவர்கள் நேர்ச்சையை நிறைவேற்றட்டும், அவர்களைத் தடுக்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் கம்பம், குமுளி வழி ஐயப்ப பக்தர்களால் நிரம்பியிருக்கும், வண்டி வாடகையும் ஏறியிருக்கும். அந்த இரு மாதமும் அந்தப் பக்கம் வேண்டாம். மே மாதக் கொடைக்கானலைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்கவேண்டும்.

தூரம் போனால்தான் பலன் என்பதும் இல்லை. 1300-இல் எட்டாம் போனிபாசு பாப்பரசர் முதல் ஜூபிலியை அறிவித்தபோது உரோமாபுரிக்கே போகவேண்டியிருந்தது. 2015-இல் பிரான்சிஸ் பாப்பரசர் இரக்கத்தின் ஆண்டை அறிவித்தபோது மறைமாவட்டந்தோறும் புனிதக் கதவைத் திறக்கச் செய்தார். திருச்சபையே யாத்திரையை ஏழையின் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. மதுரையைத் தாண்டினால் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம்; 1894-இல் கட்டிய கோபுரங்களைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கட்டும். இன்னும் சற்றுப் போனால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4-இல் அருளானந்தர் இரத்தம் சிந்திய மண். அதிகாலையில் கிளம்பினால் இடைக்காட்டூரை ஒரே நாளில் முடித்துவிடலாம், அறை வாடகையே வேண்டாம்.

வெறும் ஓய்வுக்கென்றால் வைகை அணை, கும்பக்கரை, சுருளி எல்லாம் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. சென்னைக்காரன் பணம் கட்டிப் பார்க்க வருகிற குரங்கணியை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்த கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கலாம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவந்த குண்டளை ரயில்பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது. கோடையில் மட்டும் அந்தக் காட்டுக்குள் போகவேண்டாம். 2018 மார்ச் தீயில் மாண்டவர்களை மறக்கமுடியாது.

ஓட்டுநரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஓர் அறை வாடகையை மிச்சப்படுத்த இரவில் கிளம்பி, பகலெல்லாம் சுற்றி, மறு இரவே திரும்புகிறோம். நாம் வண்டியில் தூங்குகிறோம். ஓட்டுகிற தம்பி எப்போது தூங்குவான்? நம் அறையில் மிச்சம் பிடித்தாலும், அவனுக்கு ஆறு மணி நேரம் படுக்க ஓர் இடம் முதலில் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் மற்றச் செலவு. கடலைப் பார்க்காத மலையடிவாரப் பிள்ளைகள் அலையில் இறங்கும்போது பெரியவர் ஒருவர் கரையில் நின்றே ஆகவேண்டும்.

தாய்மார்களே, கட்டுச்சோறு மிச்சம்தான். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போனால் வழிச் சாப்பாட்டுச் செலவில் பாதி போகும். ஆனால் அதற்காக நீங்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, போன இடத்திலும் ஸ்டவ்வைப் பற்றவைத்து நின்றால், உங்களுக்கு எங்கே ஓய்வு? போகும்போது ஒரு வேளை கட்டுச்சோறு போதும். அதுவும் ஆண்கள் வெங்காயம் உரிக்கட்டும். மற்ற வேளைக்குக் கடையில் சாப்பிட ஆகும் பணத்தையும் சேமிப்பில் சேர்த்தே எழுதுங்கள்.

ஆகவே அன்பியங்களுக்கு நாம் முன்வைப்பது இது. குடும்பத்துக்கு மாதம் 300 ரூபாய் யாத்திரைச் சீட்டு. பத்து மாதத்தில் 3,000. வெளியாள் நடத்தும் சீட்டில் கட்டிவிட்டுத் தேதி நெருங்கும்போது ஆளைத் தேடும் கதை நமக்கு வேண்டாம். பணம் அன்பியத்தின் பெயரில் தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ இருக்கட்டும். எடுப்பதற்கு மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவராவது தாய்மார். மாதக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில். இணைச்சட்ட நூலின் அதே அதிகாரம் முடியுமிடத்தில் அனாதையும் விதவையும் அந்நியரும் வயிறார உண்ணவேண்டும் என்று வருகிறது. அதன்படி பத்துக் குடும்பத்துக்கு ஓர் இருக்கை காலியாக விடவேண்டும். கட்டமுடியாத ஒருவர் அதில் வருவார். அவர் யாரென்பதை அன்பியப் பொறுப்பாளர் மட்டும் அறிவார், வண்டியில் யாரும் கேட்கக்கூடாது. சேர விரும்பும் குடும்பங்கள் ஞாயிறு பூசை முடிந்து உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பயணம் இடைக்காட்டூருக்கு. வேளாங்கண்ணியைக் காலாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்வோம்.