போக்கிய வீட்டின் கெடுவை நீட்டிப்பதற்கு முன்...

(ஊத்துக்கோட்டையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "வீட்டுப் போக்கியம் முடியுது. வீட்டுக்காரர் இன்னும் மூணு வருஷம் இருன்னு சொல்றார். இருக்கலாமா?" இந்தக் கேள்விக்கு எங்கள் குழு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கு. ஏன்னா, நாங்கள் அதில் அடிபட்டவர்கள்.

நம்ம ஊரில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்குப் போறோம். மாத வாடகை கட்டி மாளாது. அதனால் நகையை வைத்து, குழுவில் உள்கடன் எடுத்து, மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துப் போக்கியத்துக்குப் போகிறோம். வாடகை இல்லை, வட்டி இல்லை, கெடு முடிந்ததும் பணம் முழுசா திரும்பும். கேட்க நல்லாத்தான் இருக்கு.

எங்கள் குழுச் சகோதரி ஒருவர் 2016-ல் 2 லட்சம் ரூபாய் கொடுத்து மூன்று வருடப் போக்கியத்துக்குப் போனார். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, இரண்டு பேர் சாட்சி போட்டார்கள். பதிவு செய்யவில்லை. 2019-ல் கெடு முடிந்தது. "ஐம்பதாயிரம் மட்டும் சேர்த்துக் கொடும்மா, இன்னும் மூணு வருஷம் இருந்துக்கோ" என்றார் வீட்டுக்காரர். பழைய பத்திரத்தின் பின்பக்கத்திலேயே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஐம்பதாயிரத்தை உள்கடனாகக் கொடுத்தது நாங்கள்தான். தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பத்திரத்தைக் காட்டுன்னு ஒருத்தர்கூட கேட்கலை.

2021-ல் ஒரு நாள் காலை, வாசல் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் 2018-லேயே அந்த வீட்டு மேல் கடன் வாங்கி, கட்டாமல் விட்டிருந்தார். 2019-ல் ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருந்தால், அந்தக் கடன் அதில் இருந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை.

வீடு போச்சு. இலவச சட்ட உதவிக்குப் போனதில், வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசி, 1,10,000 ரூபாய் தவணையாக வந்தது. மீதி 1,40,000 இன்றுவரை வரவில்லை. பதிவு இல்லாத அந்தத் தாளை வைத்துப் பணம் கொடுத்தோம் என்று மட்டும்தான் காட்ட முடிந்தது. வீட்டின் மேல் உரிமை கேட்க முடியவில்லை. அவருடைய உள்கடனுக்கு வட்டியைத் தள்ளுபடி செய்தோம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லுது? 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே நம்ம போக்கியம் இருக்கு. பணம் கொடுத்தவர், பணம் திரும்பி வரும் வரை வீட்டைத் தன் வசம் வைத்து அனுபவிக்கலாம். அதாவது, பணம் வராமல் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 100 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் அந்தப் பத்திரம் இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவான போக்கியம் வில்லங்கத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு வீட்டை வாங்குகிறவரும் சரி, கடன் கொடுக்கிற வங்கியும் சரி, நம்ம பணத்தை மதித்தே ஆகணும். முன்னாடியே ஏறியிருக்கிற கடனுக்கு மட்டும் முதலிடம் அவர்களுக்கு. அதனால்தான் தேதி முக்கியம்.

"பதினோரு மாசம்னு எழுதினா பதிவே வேண்டாம்மா" என்று சிலர் சொல்வார்கள். அது குறுகிய கால வாடகைக்குச் சொன்னது. லட்சக்கணக்கில் பணம் கொடுக்கிற நமக்கு அது பாதுகாப்பு ஆகாது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. தென்கொரியாவிலும் இப்படி மொத்தப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் வழக்கம் உண்டு. ஜோன்சே என்று பெயர். அங்கே குடியேறியதும் வட்டார அலுவலகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்குவார்கள். அப்படியிருந்தும் நிறைய இளம் குடும்பங்கள் பணத்தை இழந்து, 2023-ல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். படித்தவர், பணக்கார நாட்டுக்காரர் எல்லாரும் ஏமாறுகிற இடம் இது. ஆகவே வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஏமாந்ததைச் சொல்லாமல் மறைப்பதுதான் அடுத்தவரையும் ஏமாற வைக்கும்.

கெடுவை நீட்டிக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. புதிதாக வில்லங்கம் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் பார்த்தது இன்றைக்கு உதவாது. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நம்ம பிள்ளைகள் செல்போனில் போட்டுத் தருவார்கள்.

2. பழைய பத்திரத்தின் பின்னால் எழுதுவது வேண்டாம். பழைய தொகை, கூடுதல் தொகை, புதிய கெடு மூன்றையும் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதிப் பதியுங்கள். செலவு எவ்வளவு என்று சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேளுங்கள். செலவை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

3. கூடுதல் பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை.

4. பத்திரம் உங்கள் பெயரில் இருக்கட்டும். நகையும் உங்களுடையது, கடனும் உங்கள் பெயரில். பத்திரம் மட்டும் ஏன் வீட்டுக்காரர் பெயரில்?

5. வீட்டு உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். மூத்த மகன் மட்டும் போட்டால் போதாது.

6. பணம் கைக்கு வந்த பிறகுதான் சாவி. அன்றைக்கே ரத்துப் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாமும் நேர்மையாக நடக்கணும் இல்லையா?

பிரச்சினை வந்துவிட்டால் பயப்படாதீர்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

கடைசியாக, எங்கள் குழு ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. போக்கியத்துக்கு உள்கடன் கேட்டால், முதலில் வில்லங்கச் சான்று, பிறகு பதிவான பத்திரத்தின் நகல், அதன் பிறகே பணம். "நம்மளையே நம்பலியா?" என்று ஒரு அக்கா கோபித்துக்கொண்டார். அக்கா, உங்களை நம்புகிறோம். உங்கள் பணம் பத்திரமா இருக்கணும்னுதான் கேட்கிறோம். மற்றக் குழுக்களும் இதே தீர்மானத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.